மணிக்கொரு சொட்டு

அதுவரைக்கும் சொர்ணவல்லிக்கு நேரம் என்றால் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் வந்து திரும்புகிற பஸ்தான். காலை பஸ், மத்தியான பஸ், கடைசி பஸ்; அதோடு ஒரு நாள் முடிந்துவிடும். திருச்சிக் கண்ணாஸ்பத்திரிக்கு வந்த பிறகு நேரம் என்றால் சொட்டு மருந்து என்றாகிவிட்டது. மணிக்கு ஒரு தரம், பால் மாதிரி வெளுத்த மருந்தை நன்றாகக் குலுக்கி, புருஷனின் இடது கண்ணின் கீழிமையை இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு விட வேண்டும். கொஞ்சம் பொறுத்து, ஐஸில் வைத்திருக்கிற இன்னொரு மருந்தில் ஒரு சொட்டு. ராத்திரி பகல் கிடையாது. சோறு ஆறலாம், சொட்டு தவறக் கூடாது. வாரக்கணக்கில் இப்படியே விட்டு விட்டு அவளுடைய ஆட்காட்டி விரலில் மருந்து வெள்ளையாகக் காய்ந்து படிந்திருந்தது.

புருஷன் பெயர் உதயசூரியன். அவருடைய அப்பா கட்சிக்காரர். பிள்ளைக்குப் பெயர் வைத்ததோடு தன் கட்சிப் பணி முடிந்தது என்று அவர் மாடு மேய்க்கப் போய்விட்டார். சின்ன வயதில் மணல்வாரி அம்மை போட்டபோது உதயசூரியனின் வலது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிற்று. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டே அவர் உழுதார், டிராக்டர் ஓட்டினார், பெண் பார்க்க வந்து சொர்ணவல்லியைப் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார். இரண்டு கண் உள்ளவன் போடும் வரப்பைவிட அவர் போடும் வரப்பு நேராக இருக்கும். அந்தக் கண்ணுக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது.

வந்தது ஒரு நெல் சுணையால். தை அறுப்பில் மிஷின் நெல்லைக் கொட்டிக்கொண்டிருந்தபோது டிரெய்லரில் நின்றவரின் கண்ணில் சுணை விழுந்தது. துண்டை வைத்துக் கசக்கினார். ராத்திரிக்குள் கண் கோவைப்பழமாகிவிட்டது. ஊரில் இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டில் தேவிப்ரியா பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியாக இருந்தாள். அவளிடம் போய்ச் சங்கில் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டாள் சொர்ணவல்லி. பாலில் கேட்கவில்லை. பிறகு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினாள். விட்ட மறுநாளே கண் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. கடைக்காரனை மகராசன் என்று வாய் நிறைய வாழ்த்தினாள்.

மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாமும் அதை நம்பிப் பழகிவிட்டோம். சிவப்புப் போனதும் சீக்குப் போயிற்று என்று அவர் அறுப்பு வேலைக்குத் திரும்பினார். கருவிழியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. மறுபடியும் அதே மருந்தை வாங்கி விட்டார்கள். புள்ளி மொச்சைக்கொட்டை அளவு ஆனது. வலியில் அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்ட பிறகுதான் புதுக்கோட்டைக்குப் போனார்கள். அங்கே பார்த்த டாக்டர் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள் என்று திருச்சிக்கு விரட்டினார்.

திருச்சியில் டாக்டர் ஷர்லி பார்த்தார். சின்ன வயது. கோபப்படாமல் பேசுகிறவர். அன்றைக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் சொர்ணவல்லிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அம்மா, சொணையோட பூஞ்சைக் காளான் உள்ள போயிருக்கு. நீங்க மொதல்ல விட்ட சொட்டு செவப்பை மட்டும்தான் எடுத்துச்சு. காளானுக்கு அது எரு வெச்ச மாதிரி ஆயிடுச்சு.”

“இப்ப சரியான மருந்துதானே விடுறோம்? ஏம்மா கேக்க மாட்டேங்குது?”

“அது இப்ப தனித்தனியா இல்லம்மா. கொத்தா ஒட்டிக்கிட்டு, தன்னைச் சுத்திப் பசை மாதிரி ஒரு போர்வை கட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கு. மேல இருக்கறது சாகுது. உள்ள இருக்கறதை மருந்து போய்ச் சேர மாட்டேங்குது. சேர்ந்தாலும் மயக்கம் போட்டுக் கெடந்துட்டு மறுபடி எழுந்திரிச்சிடுது.”

சொர்ணவல்லி யோசித்தாள். “மாட்டுத் தொட்டியில பாசி புடிக்கிற மாதிரியாம்மா?”

“அதேதான். எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் பாசி போகுமா?”

“போகாது. தேங்கா நாரை வெச்சுத் தேய்க்கணும்.”

“நாங்களும் அதைத்தான் செய்யறோம். சொரண்டி விட்டுட்டு மருந்து விடறோம். ஆனா தொட்டிச் சுவர் சிமிண்டும்மா. கருவிழி அப்பளத்தை விட மெல்லிசு. எத்தனை தடவைதான் சொரண்ட முடியும்?”

சுரண்டினார்கள். நாலு நாள் நன்றாக இருந்தது. பிறகு ஓரத்தில் பஞ்சு மாதிரி மறுபடி வந்தது. மறுபடி சுரண்டினார்கள். மருந்தை மாற்றினார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். ஊசி போடும்போது உதயசூரியன் பிடித்த பிடியில் சொர்ணவல்லியின் கண்ணாடி வளையல் உடைந்து கையில் ஏறியது. அவள் அதை அவரிடம் சொல்லவில்லை. கடைசியில் டாக்டர் ஷர்லி அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

“கருவிழி ரொம்ப மெலிஞ்சு போச்சும்மா. எந்த நேரமும் ஓட்டை விழுந்துடும். விழுந்தா கண்ணையே எடுக்க வேண்டி வரும். அதுக்கு முன்னாடி கெட்டுப்போன கருவிழியை வெட்டி எடுத்துட்டு, எறந்தவங்க குடுத்த கருவிழியை வெச்சுத் தைக்கணும். எங்க கண் வங்கியில இன்னைக்கு ஒண்ணும் இல்ல. மத்த ஊர்லயும் கேட்டுட்டேன்.”

“யாராச்சும் சாகணும்கிறீங்களா?” என்று கேட்டாள் சொர்ணவல்லி.

டாக்டர் அவள் கையை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராத்திரி முழுக்கச் சொர்ணவல்லி சாமி கும்பிட்டாள். என்னவென்று கும்பிடுவது? யாருக்காவது சாவு வரட்டும் என்றா? கும்பிட வாய் வராமல் வெறுமனே கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடிந்து சற்று நேரத்தில் போன் வந்தது. தேவிப்ரியாதான் பேசினாள்.

“பெரியம்மா, அழகுமலைப் பெரியப்பா தவறிட்டாக. வெள்ளன மோட்டார் போடப் போனவுக நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாக. எந்திரிக்கவே இல்ல. மணி ஆறு இருக்கும். அமராவதிப் பெரியம்மா கதறுறது இங்கிட்டு வரைக்கும் கேக்குது.”

அழகுமலை உதயசூரியனுக்குப் பெரியப்பா மகன்; சொர்ணவல்லிக்குப் பெரியத்தான் முறை. பக்கத்து வயல்காரர், பங்காளி, பகையாளி, மூன்றும் அவர்தான். சில வருஷத்துக்கு முன் அவர் நடு வரப்பை ஒரு முழம் உள்ளே தள்ளி வெட்டிவிட்டார் என்று சண்டை வந்தது. போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனது. ஸ்டேஷனில் ஒன்றும் தீராத ஆத்திரத்தில், வரப்பில் நின்று இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள் சொர்ணவல்லி. “இந்த வரப்பை வெட்டுனவன் கண்ணு அவிஞ்சு போயிரும்! நான் சொன்னது நடக்குதா இல்லையா பாரு!” என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். கோபத்தில் வைவது வேறு. வைத வாய் மறுநாள் சிரிக்கலாம். மண்ணை வாரித் தூற்றிவிட்டால் அது அப்படியே நிற்கும். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை, நல்லது பொல்லாதது இல்லை. உதயசூரியனுக்குக் கண் கெட்டபோது, தூற்றிய மண் திரும்பி வந்து அவள் வீட்டிலேயே விழுந்தது என்று ஊர் பேசியது. அழகுமலையின் பெண்சாதி அமராவதியே குழாயடியில் அப்படிச் சொன்னதாகக் கேள்வி.

போனை வைத்ததும் சொர்ணவல்லிக்கு முதலில் வந்தது, ஐயோ என்கிற பதற்றம்தான். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. அந்த மனுஷனுக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. நினைத்த மாத்திரத்தில் தன் மனசைத் தானே காறித் துப்பினாள். துப்பினாலும் அந்த நினைப்புப் போகவில்லை.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஷர்லியிடம் ஓடினாள். மாரடைப்பு என்றால் தடையில்லை என்றார் டாக்டர். “உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். குடும்பத்துல சம்மதிக்கணும். யார் குடுத்தாலும் வங்கிக்குத்தான் வரும், ஆனா அவசரம் யாருக்கோ அவங்களுக்குத்தான் மொதல்ல. இன்னைக்கு அவசரம் உங்க வீட்டுக்காரர்தான். எங்க ஆளுங்களை இப்பவே புதுக்கோட்டைக்குக் கெளம்பச் சொல்றேன். நீங்க சம்மதம் வாங்கிட்டுப் போன் பண்ணுங்க. கண்ணு மேல ஈரப் பஞ்சு வெக்கச் சொல்லுங்க, ஃபேனை நிறுத்தச் சொல்லுங்க.”

அன்னவாசலில் கட்டிக்கொடுத்த மகள் சிவரஞ்சனி முந்தின நாள்தான் துணைக்கு வந்திருந்தாள். அவள் கையில் மருந்தைக் கொடுத்து, குலுக்கி விட வேண்டும், கீழிமையில் விட வேண்டும், பாட்டில் மூக்கு இமையில் படக் கூடாது என்று படபடவென்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உதயசூரியனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“வேணாம் வல்லி. அவன் வீட்டு வாசல்ல போயி நீ கையேந்த வேணாம். நான் குருடனாவே இருந்துட்டுப் போறேன்.”

“நீங்க இருந்துட்டுப் போயிருவீக. அதைப் பாத்துக்கிட்டு நான்ல இருக்கணும்.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “புள்ளையில்லாதவன். அவனுக்குக் கொள்ளி வெக்க வேண்டியவன் நான்தான்டி,” என்றவருக்குக் குரல் உடைந்துவிட்டது. சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இரண்டு பேரும்.

“அழுகாதீங்க. மருந்து கரைஞ்சிரும்,” என்று சொல்லிவிட்டுச் சொர்ணவல்லி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அழுவதற்குக்கூட அந்த மனுஷனுக்கு வழியில்லையே என்று நினைத்தபடியே மாடிப்படியில் இறங்கினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவளுக்கு ஒரே ஒரு பிடிமானம்தான் இருந்தது. நல்லதுக்கு அழைத்தால்தான் போக வேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும். வெட்டுக்குத்து உள்ள வீடாக இருந்தாலும் சாவு வீட்டுக்குள் வருகிறவளை வராதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அமராவதி வீட்டுப் படியை மிதிக்க அவளுக்கு வேறு வழி எந்த ஜென்மத்திலும் கிடைத்திருக்காது. மிதித்த பிறகு என்ன செய்வது? எல்லாரும் அழுதுகொண்டிருக்கிற வீட்டில் எந்த வாயால், எந்த நேரம் பார்த்துக் கேட்பது? கீரனூர் தாண்டியது. அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் புதுக்கோட்டை வந்ததுகூடத் தெரியவில்லை. கண்டக்டர்தான் இறங்கும்மா என்று அதட்டினார்.

மாலை ஒன்று வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஊர் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டியிருந்தது. வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். பங்காளிகளில் மூத்தவரான ராக்கன், உதயசூரியன் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, பாடைக்கு மூங்கில் வெட்ட ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். மத்தியானமே எடுத்துவிடுவதாகப் பேச்சு. சொர்ணவல்லியைப் பார்த்ததும் ஆண்களின் பேச்சு நின்றது. பிறகு ஒருவர் நகர்ந்து வழிவிட்டார். அவ்வளவுதான் வழக்கம்.

கூடத்தில் அழகுமலையைக் கிடத்தியிருந்தார்கள். மேலே ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கண்கள் முக்கால்வாசி மூடியிருந்தன. இடது கண்ணில் ஒரு கீற்று வெள்ளை தெரிந்தது. காய்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தாள் சொர்ணவல்லி. பெரியத்தான் செத்துக் கிடக்கிறார் என்பதற்கு முன் அதைத்தான் அவள் நினைத்தாள். மாலையைப் போட்டாள். சுவிட்சைத் தேடி ஃபேனை நிறுத்தினாள். புழுக்கத்தில் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சாவு வீட்டுக்கு வருகிற பெண் கூந்தலை அவிழ்த்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்திருக்கிறவர்களின் தோளில் கை போட்டுத் தலையோடு தலை முட்டி அழ வேண்டும். சொர்ணவல்லி வட்டத்துக்குள் புகுந்து அமராவதியின் எதிரே உட்கார்ந்தாள். அமராவதியின் கை தானாக அவள் கழுத்தில் விழுந்தது. துக்கத்தில் இருக்கிறவளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பதெல்லாம் தெரிவதில்லை. இரண்டு நெற்றிகளும் முட்டின. கூந்தல் இரண்டு பக்கமும் திரை மாதிரி இறங்கியது. அந்தத் திரைக்குள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தார்கள். ஊரிலேயே அதைவிட ஒதுக்கமான இடம் அப்போது கிடையாது.

சொர்ணவல்லி அழுதாள். அது பொய் அழுகை இல்லை. அழுதுகொண்டே காதோரம் சொன்னாள்.

“அக்கா, அவருக்கு இருக்குற ஒத்தைக் கண்ணும் போகப் போகுதுக்கா. மருந்து எதுவும் கேக்கலைக்கா. செத்தவுக கண்ணு கெடச்சா வெச்சுத் தைக்கலாம்கிறாக. பெரியத்தான் கண்ணைக் குடுக்கா. பன்னெண்டு மணிக்குள்ள எடுத்தாத்தான் உண்டு. ஒங் கால்ல விழுகுறேன்.”

கழுத்தில் கிடந்த கை அசையாமல் நின்றது. அமராவதி தலையைத் தூக்கி, எதிரே இருப்பது யார் என்று அப்போதுதான் பார்த்தாள். பிறகு மறுபடி நெற்றியை முட்டிக்கொண்டு, பெருங்குரலில், செத்தவரைப் பார்த்து ஒப்பாரியை எடுத்தாள்.

“மண்ணை வாரித் தூத்துனவ
மடியேந்தி வந்திருக்கா, எம் ராசா!
ஒங் கண்ணு அவிய வைஞ்ச மக
ஒங் கண்ணைக் கேட்டு வந்திருக்கா!”

கூடம் கப்பென்று அடங்கியது. வாசலில் மேளம்கூட நின்றுவிட்டது. ரகசியம் என்று காதில் போட்டது பந்தலுக்கே கேட்டுவிட்டது. சொர்ணவல்லிக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் எழுந்து ஓடவில்லை. ஓடினால் ஒரு கண் போய்விடும்.

ராக்கன் உள்ளே வந்தார். “என்ன கூத்து இது? பொணத்தைக் கூறு போடக் கேக்குறாளா? கண்ணில்லாம அனுப்புனா மறு சென்மத்துல குருடாப் பொறப்பான். ஏத்தா சொர்ணவல்லி, மரியாதையா எந்திரிச்சுப் போயிரு. பங்காளி வீட்டு மருமகளாச்சேன்னு பாக்குறேன்.”

“மாமா, எடுத்தது தெரியாது மாமா. இமையை மூடித்தான் குடுப்பாக. மொகம் மாறாது,” என்றாள் சொர்ணவல்லி. அவள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. தகனத்துக்கு நேரமாகிறது, குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வாருங்கள் என்று ஒரு குரல் கேட்டது. ஒரு கிழவி, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சூரியன் பெண்டாட்டிக்குக் கேட்கும்படியே சொன்னாள். சாவு வீட்டிலும் சிலருக்கு நாக்கு சும்மா இருக்காது.

சொர்ணவல்லி அழகுமலையின் காலடிக்குப் போனாள். அமராவதியிடம் கேட்டாயிற்று, இனி கேட்க மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டு நெற்றியை வைத்தாள். பாதம் ஜில்லென்று இருந்தது. “தப்புத்தான் பெரியத்தான், தப்புத்தான்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வேறு எதுவும் அவளுக்கு வாயில் வரவில்லை. சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. கடைசியில் அவள் எழுந்தாள். கூந்தலைக்கூட முடியாமல் வாசலைப் பார்த்து நடந்தாள்.

“நில்லுடி.”

அமராவதிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். காலையிலிருந்து அழுத குரல் கரகரத்திருந்தது.

“மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. இவ அன்னைக்கு வரப்புல நின்னு மண்ணை வாரித் தூத்துனது ஒங்களுக்கும் தெரியும். அவுக கண்ணு அவியணும்னு தூத்துனா. இப்ப நீங்க கொண்டு போயித் தீயில வெச்சா என்ன ஆகும்? இவ சொன்னதுதானே நடக்கும்? இம்புட்டு வருசமா நடக்காதது, நம்ம கையாலேயே நடந்துருமே!”

ராக்கன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

“எம் புருசன் கண்ணு இவ சொல்லி அவியக் கூடாது. எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க,” என்றாள் அமராவதி. பிறகு சொர்ணவல்லியின் கிட்டே வந்தாள். “ஒனக்காகக் குடுக்கலை. ஒம் புருசனுக்காகவும் குடுக்கலை. ஒஞ் சாபம் பொய்யாகணும்னு குடுக்குறேன். அந்தக் கண்ணு தொறந்தே இருக்கணும். அதை அவிய விட்டேன்னா, நான் ஒன்னைய விட மாட்டேன்.”

சொர்ணவல்லி தலையை மட்டும் ஆட்டினாள். வாசலுக்கு ஓடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

ஆஸ்பத்திரி வண்டி புதுக்கோட்டையில் தயாராக நின்றிருந்தது. சொன்ன கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. ஞானமணி என்ற பெண் ஒரு பெட்டியோடு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் செத்தவரைக் கும்பிட்டாள். கூடத்துக்குக் குறுக்கே சேலை கட்டி மறைத்தார்கள். அமராவதி மறைப்புக்கு உள்ளேயே நின்றாள். வெளியே போகச் சொன்னதற்கு, “என்னைப் பாத்த கண்ணு, போறதை நான் பாக்கணும்,” என்றாள். சேலையை விலக்கியபோது அழகுமலை அதே முகத்தோடு, இமை முழுக்க மூடித் தூங்குகிறவர் மாதிரி இருந்தார். ராக்கன் குனிந்து பார்த்துவிட்டு மேளக்காரர்களை அடிக்கச் சொன்னார்.

சொர்ணவல்லி திருச்சிக்குத் திரும்பினாள். சாயங்காலம் ஆபரேஷன் நடந்தது. யார் கண் யாருக்குப் போயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொல்வதில்லை. சட்டமாம். ஊருக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாது. உதயசூரியன் மயக்கம் தெளிவதற்கு முன்பே, அழகுமலை கண் சூரியனுக்கு என்று ஊர் எழுதிவைத்துவிட்டது. டாக்டர் ஷர்லி ஒன்றை மட்டும் சொன்னார். “இது கண்ணைக் காப்பாத்தறதுக்கு வெச்ச கருவிழிம்மா. பார்வை எவ்வளவு வரும்னு இப்பச் சொல்ல முடியாது. கெட்டதை எல்லாம் வெட்டி எடுத்துட்டோம். ஆனா அந்தக் காளான் துளி எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருந்தாலும் புதுசுலயும் போர்வை கட்ட ஆரம்பிச்சிடும். மருந்தை நிறுத்தக் கூடாது. மணிக்கு ஒரு சொட்டு.”

மறுபடியும் அதே மருந்து, அதே குலுக்கல். இத்தனை நாள் புருஷன் கண்ணுக்கு விட்டவள் இப்போது யார் கண்ணுக்கு விடுகிறோம் என்று ஒவ்வொரு சொட்டுக்கும் நினைத்தாள். தைத்த தையல் நட்சத்திரம் மாதிரி சுற்றிலும் தெரிந்தது. ஒரு காலை உதயசூரியன், “செவப்புச் சீலையா கட்டியிருக்க?” என்று கேட்டார். சிவப்புத்தான். சொர்ணவல்லி வார்டு வராந்தாவுக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் தன் சேலையைக் காட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அமராவதி போன் செய்தாள். துக்கம் கேட்க இடம் கொடுக்க மாட்டாள். உதயசூரியனைப் பற்றியும் விசாரிக்க மாட்டாள். “கண்ணு எப்புடி இருக்கு?” என்பாள். “நல்லா இருக்குக்கா,” என்பாள் சொர்ணவல்லி. உடனே அமராவதி போனை வைத்துவிடுவாள். கருமாதி அன்றைக்கும் அந்த ஒரு கேள்விதான்.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் டாக்டர் ஷர்லி விளக்கைப் பிடித்துப் பார்த்தவர், வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். தையலோரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. கடுகைவிடச் சின்னது. பழைய இடத்தில் எங்கோ ஒளிந்திருந்த காளான் புது விழியைத் தொட்டுவிட்டது. மறுபடி ஊசி போட வேண்டும், மறுபடி சுரண்ட வேண்டியும் வரலாம் என்றார். இரண்டாவது தடவைக்கு விழி தாங்குமா என்று சொர்ணவல்லி கேட்டாள். விட்டுவிட மாட்டோம் என்றார் டாக்டர். அது, தான் கேட்டதற்குப் பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கட்டிலுக்கு அவள் திரும்பி வரும்போது போன் அடித்தது.

“கண்ணு எப்புடி இருக்கு?”

சொர்ணவல்லிக்கு நல்லா இருக்குக்கா என்று வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல முடியவில்லை.

“ஏண்டி, சத்தத்தைக் காணோம்?”

“அக்கா, ஓரத்துல ஒரு புள்ளி வந்திருக்குக்கா. மறுபடியும் வந்துருச்சுக்கா. நான் ஒரு சொட்டுகூட விட்டுப் போகலைக்கா. சத்தியமா விட்டுப் போகலைக்கா.”

அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. வைவாள், சபிப்பாள் என்று சொர்ணவல்லி காத்திருந்தாள். அமராவதி வையவில்லை.

“அன்னைக்கு வரப்புல நின்னு எம்புட்டுச் சத்தமாக் கத்துன! ஊர்க்கோடி வரைக்கும் கேட்டுச்சு. அம்புட்டுச் சத்தத்தையும் வெச்சு இப்ப வேண்டிக்க,” என்றாள். போன் கட்டாகிவிட்டது.

மணி ஆகியிருந்தது. சொர்ணவல்லி மருந்தைக் குலுக்கினாள். கீழிமையை இழுத்துப் பிடித்துக் குனிந்தாள். “பெரியத்தான், அவிஞ்சிராதீக,” என்றாள். அது அவளுக்கே கேட்காத குரலாக இருந்தது. அன்று மண்ணோடு போன குரலைத் தேடி எடுப்பது போல மூச்சை இழுத்துப் பிடித்து, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“பெரியத்தான்! ஒங்க கண்ணு நல்லாருக்கணும்! நான் தூத்துன மண்ணு என் தலையிலேயே விழுகட்டும்! ஒங்க கண்ணு அவியக் கூடாது பெரியத்தான்!”

நர்ஸ் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். உதயசூரியன் வலியோடு வலியாக அந்தக் கண்ணை இன்னும் அகலமாகத் திறந்து, அவளுக்குக் காட்டிக்கொண்டு கிடந்தார். சொட்டு விழுந்தது. சொர்ணவல்லி ஐஸில் இருந்த அடுத்த மருந்தை எடுக்கக் கையை நீட்டினாள்.